தொகுதி மறுவரையறையும் பல்லடத்துத் தறித் தொழிலாளியும்

பல்லடத்தில் குடியிருப்பவர் மாவட்ட ஆட்சியரைச் சந்திக்க வடக்கே திருப்பூருக்குச் செல்ல வேண்டும். தம் நாடாளுமன்ற உறுப்பினரைச் சந்திக்க மேற்கே கோவைக்குச் செல்ல வேண்டும். திருப்பூர் மாவட்டத்தில் எட்டுச் சட்டப்பேரவைத் தொகுதிகள் உள்ளன. அவை ஐந்து மக்களவைத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. பல்லடம் கோவையோடும், அவிநாசி நீலகிரியோடும், காங்கயமும் தாராபுரமும் ஈரோட்டோடும், உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடும் இணைந்துள்ளன. திருப்பூர் என்ற பெயரைத் தாங்கும் மக்களவைத் தொகுதியில் திருப்பூர் மாவட்டத்துக்கு எஞ்சியவை இரண்டுதான். மற்ற நான்கும் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவை.

இதில் சதி ஏதுமில்லை. 2008இல் நடைமுறைக்கு வந்த மறுவரையறை ஆணை தயாரானபோது திருப்பூர் மாவட்டமே கிடையாது; அது 2009இல்தான் உருவானது. ஆனால் ஒருமுறை வரைந்த கோடு எத்தனை காலம் நிலைத்துவிடுகிறது என்பதற்கு எங்கள் ஊர் நல்ல சான்று. மறுவரையறை ஆணையத்தின் ஆணையை நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காட அரசமைப்பின் 329ஆம் கூறு இடம் தருவதில்லை. மக்கள் பிரதிநிதிகள் ஆணையத்தில் துணை உறுப்பினர்களாக அமரலாம். அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆதலால் இந்தச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேச வேண்டிய காலம் ஆணையம் அமைவதற்கு முந்தைய காலம்தான்.

பிரச்சினையின் வேர் 1976இல் இருக்கிறது. அவ்வாண்டு 42ஆம் திருத்தம், மாநிலங்களுக்கான மக்களவை இடங்களை 1971ஆம் ஆண்டு மக்கள்தொகையின் அடிப்படையிலேயே 2000 வரை நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்தும் மாநிலங்கள் அதற்காக இடங்களை இழக்கக்கூடாது என்பது நோக்கம். 2001ஆம் ஆண்டின் 84ஆம் திருத்தம் அந்த நிறுத்தத்தை 2026க்குப் பின் எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. அந்தக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் தேதியைக் குறிப்புத் தேதியாகக் கொண்டு அறிவிக்கப்பட்டுள்ளது.

2011 கணக்கைக்கொண்டே ஒரு பெருக்கல், வகுத்தல் செய்து பார்க்கலாம். தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர், 39 உறுப்பினர்கள்; ஓர் உறுப்பினருக்கு ஏறத்தாழ 18.5 லட்சம் பேர். கேரளத்தில் இது 16.7 லட்சம். உத்தரப் பிரதேசத்தில் 25 லட்சம், பிகாரில் 26 லட்சம், ராஜஸ்தானில் 27 லட்சத்துக்கும் மேல். மொத்த இடங்களை 543ஆகவே வைத்துக்கொண்டு மக்கள்தொகைப்படி பங்கிட்டால் தமிழ்நாட்டுக்கு 32 இடங்கள்தான் கிடைக்கும். இது வெறும் கற்பனை அச்சமன்று. 1962இல் 41 உறுப்பினர்களை அனுப்பிய சென்னை மாநிலம் 1967இல் 39 பேரையே அனுப்பியது. அந்த இரு இடங்கள் திரும்பி வரவேயில்லை.

ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித் ஷா 2025 பிப்ரவரியில் கோவைக்கு வந்தபோது, விகிதாசாரப்படி பார்த்தால் தென் மாநிலங்கள் ஓர் இடத்தைக்கூட இழக்கமாட்டா என்று கூறினார். எதற்கு விகிதாசாரம் என்பதுதான் கேள்வி. புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள் உள்ளன. உதாரணத்துக்கு அவ்வளவு உறுப்பினர்கள் வருவதாகக் கொள்வோம். இப்போதைய இடங்களின் விகிதப்படி பெருக்கினால் தமிழ்நாட்டுக்கு 64. 2011 மக்கள்தொகை விகிதப்படி பங்கிட்டால் 53. இரண்டிலும் நாம் இழக்கும் இடம் ஒன்றுமில்லை. 39ஐவிட இரண்டுமே அதிகம். ஆனால் முதலாவதில் அவையில் நம் எடை 7.2 விழுக்காடு, இரண்டாவதில் 6 விழுக்காட்டுக்கும் சற்றே குறைவு. ‘இடம் குறையாது’ என்ற உறுதிமொழியைக் கேட்டு நிம்மதி கொள்வோர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

2025 மார்ச் 22 அன்று சென்னையில் கூடிய கூட்டு நடவடிக்கைக் குழு, நிறுத்தத்தை மேலும் 25 ஆண்டுகள் நீட்டிக்கக் கோரியது. கேரளம், தெலங்கானா, பஞ்சாப் முதல்வர்கள் வந்திருந்தனர். கோரிக்கையின் நியாயம் எனக்குப் புரிகிறது. எனினும், தமிழ்நாட்டில் நாம் பேசத் தயங்கும் ஒரு பக்கம் இதற்கு உண்டு. அது எங்கள் ஊரில் கண்ணெதிரே நடமாடுகிறது.

பல்லடத்தைச் சுற்றிய விசைத்தறிக் கூடங்களிலும் நூற்பாலைகளிலும் கறிக்கோழிப் பண்ணைகளிலும் பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். நாமக்கல் முட்டைக்கு விலை சொல்வதுபோல் கறிக்கோழிக்குக் கொள்முதல் விலை சொல்லும் ஊர் இது. அந்தக் கோழியை வண்டியில் ஏற்றும் கைகள் பெரும்பாலும் வடமாநிலக் கைகள். எங்கள் தெருக்கோடித் தறிக்கூடத்தில் காடாத் துணி நெய்யும் ஒடிசாக்காரர் ஒருவர் பத்தாண்டுகளாக இங்கிருக்கிறார். மகள் இங்கேதான் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கிறாள். “சட்டசபைக்கு ஓட்டுப் போட்டு ரெண்டு எலக்‌ஷன் ஆச்சுங்க, ரெண்டு நாள் ரயில்ல போக, கூலியை யார் குடுப்பாங்க?” என்று கொங்குத் தமிழிலேயே கேட்டார்.

கணக்கெடுப்பு இவரை எங்கே எண்ணும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பு என்பது ஒருவரை அவர் வாழும் இடத்தில் எண்ணுவது. 2027 பிப்ரவரியில், ஹோலிக்காக ஊர் திரும்பும் கூட்டம் ரயிலேறுவதற்கு முன், இவர்களுள் பெரும்பாலோர் பல்லடத்திலும் திருப்பூரிலும் எண்ணப்படுவார்கள். அதாவது தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் சேர்வார்கள். மக்கள்தொகை அடிப்படையில் இடங்கள் பங்கிடப்பட்டால் நம் பங்கைக் கொஞ்சம் தாங்கிப் பிடிப்பவர்களும் அவர்களே. ஆனால் வாக்காளர் பட்டியலில் அவர்கள் இங்கில்லை.

சட்டம் தடையன்று. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, ஒரு தொகுதியில் ‘சாதாரணமாக வசிக்கும்’ 18 வயது நிரம்பிய குடிமகன் எவரும் அங்கே வாக்காளராகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் பெயர் இருக்கக்கூடாது என்பதே நிபந்தனை. நடைமுறையில், பத்துப் பேர் தங்கும் அறைக்கு வாடகை ஒப்பந்தம் இராது. முதலாளியின் கடிதம் கிடைக்காது. ஊரிலுள்ள ரேஷன் அட்டைக்கும் நிலத்துக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வேறு. 2025இல் பிகாரில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வரைவுப் பட்டியலிலிருந்து சுமார் 65 லட்சம் பெயர்கள் நீங்கின; அவற்றுள் பெரும்பகுதி ‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர்’ என்ற வகை. அங்கே இடம்பெயர்ந்தவர் என்று பெயர் நீக்கம். இங்கே வெளியூர்க்காரர் என்று பெயர் சேர்ப்பில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குடிமகன் காணாமல் போகிறார்.

தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் ஒரு மாற்று வழியை முன்வைத்தது. ஒரே வாக்குச்சாவடியில் 72 தொகுதிகளுக்குரிய வாக்குகளைப் பதிவு செய்யக்கூடிய தொலைதூர வாக்குப்பதிவு இயந்திரம் அது. 2019 மக்களவைத் தேர்தலில் 30 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் வாக்களிக்கவில்லை என்பதை ஆணையம் காரணமாகச் சுட்டியது. 2023 ஜனவரியில் கூடிய கட்சிகள் ஆட்சேபம் எழுப்பின. புலம்பெயர்ந்தவர் யார் என்ற வரையறையே இல்லை என்பது அவற்றுள் ஒன்று. 2024 தேர்தலில் அந்த இயந்திரம் வரவில்லை.

கட்சிகளின் தயக்கத்துக்குப் பின்னால், வடவர் வாக்காளரானால் தமிழ்நாட்டு அரசியல் மாறிவிடும் என்ற அச்சம் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்றும் சொல்லமாட்டேன். பெருந்தொகையான புதிய வாக்காளர்கள் எந்த ஊரின் அரசியலையும் மாற்றத்தான் செய்வர். ஆனால் 2023 மார்ச்சில் பொய்க் காணொளிகள் பரவி, தமிழ்நாட்டில் பிகாரிகள் தாக்கப்படுகிறார்கள் என்ற புரளி கிளம்பியபோது இந்த வட்டாரம் பதறியதை நினைத்துப் பார்க்க வேண்டும். பிகாரிலிருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்தது. இவர்கள் போய்விட்டால் தறி ஓடாது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது.

எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டு வாக்கில் விலக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க வரலாறு ஒரு கடுமையான பாடம். 1787இல் இயற்றப்பட்ட அரசமைப்பு, அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணித் தென் மாநிலங்களுக்குப் பிரதிநிதித்துவம் அளித்தது. அடிமைக்கு வாக்கில்லை, அவனால் கிடைத்த இடத்தில் அமர்ந்தவர் அவன் எசமானர். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த 14ஆம் திருத்தம்தான் மனிதர்களை முழு மனிதர்களாக எண்ணச் செய்தது. பல்லடத்துத் தொழிலாளி அடிமையல்லர், ஒப்புமையை அதற்குமேல் நீட்டுவது தவறு. ஆனால் கணக்கின் அமைப்பு ஒன்றுதான்.

அந்நாட்டின் இன்னொரு அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1920ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு நகர மக்கள் கிராம மக்களை விஞ்சிவிட்டதைக் காட்டியது. கிராமப்புற உறுப்பினர்கள் இடப் பங்கீட்டையே பத்தாண்டுகள் நடக்கவிடவில்லை. 1929இல் வந்த சட்டம் ஒரு வழி கண்டது: அவையின் அளவு 435 என்று நிலைத்தது, பங்கீடு பத்தாண்டுக்கொரு முறை தானாக நடந்தது. நாம் பங்கை நிறுத்தினோம்; அவர்கள் அளவை நிறுத்தினார்கள். விளைவு, ஓர் அமெரிக்க உறுப்பினருக்கு இன்று ஏழரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். 2020 கணக்கில் நியூயார்க் மாநிலம் வெறும் 89 பேர் குறைந்ததால் ஓர் இடத்தை இழந்தது. அவையைப் பெரிதாக்க வேண்டும் என்று அமெரிக்கக் கலை, அறிவியல் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை பரிந்துரைத்தது, இன்னும் நடக்கவில்லை. ஆயினும் அங்கே சிறிய மாநிலங்களுக்கு ஓர் அரண் உண்டு. ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் கொண்ட கலிபோர்னியாவுக்கும் ஆறு லட்சம்கூட இல்லாத வயோமிங்குக்கும் செனட்டில் தலா இரண்டு இடங்கள்தான்.

நம் மாநிலங்களவையும் மக்கள்தொகையையே பெரும்பாலும் பின்பற்றுகிறது: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18. போதாக்குறைக்கு, 2003இல் செய்த திருத்தத்தால் உறுப்பினர் அம்மாநிலத்தில் வசிப்பவராக இருக்க வேண்டியதும் இல்லை. என் கருத்தில் தென் மாநிலங்கள் பேரம் பேச வேண்டிய களம் இதுவே. மக்களவைப் பங்கை என்றென்றைக்கும் 1971இல் நிறுத்திவைப்பது பிகார் வாக்காளரின் வாக்குக்கு நம்முடையதில் பத்தில் ஏழு பங்கு மதிப்புத்தான் என்று சொல்வதாகும். அதை நீண்ட காலம் காக்க முடியாது. மாநிலங்களவையைச் சமநிலைக்கு நெருக்கமாக்கி, வசிப்பிட நிபந்தனையை மீட்டு, அதற்கு ஈடாக மக்களவையில் படிப்படியான மாற்றத்தை ஏற்கலாம். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டுக்கு மதிப்பளிக்கும் கணக்கு ஒன்று முடியாததும் அன்று. 15ஆவது நிதிக்குழு வரிப் பங்கீட்டில் அதற்கு 12.5 விழுக்காடு எடை தந்திருக்கிறது.

நிறுத்தத்தை நீட்டிக்கக் கோருவோர் இன்னொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். 2023இன் 106ஆம் திருத்தம் மகளிருக்கு மூன்றில் ஒரு பங்கு இடங்களை ஒதுக்கியது. ஆனால் கணக்கெடுப்பும் மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று முடிச்சும் போட்டுவிட்டது. உள்ளாட்சியில் பாதி இடங்களை மகளிருக்கு அளித்த தமிழ்நாடு, இந்த முடிச்சை அவிழ்க்கக் கோராமல் நீட்டிப்பை மட்டும் கோரினால், பெண்களின் இடங்களும் சேர்ந்தே தள்ளிப்போகும்.

தறித் தொழிலாளிக்கு வருவோம். மாநில அரசும் தேர்தல் அலுவலர்களும் இன்றைக்கே செய்யக்கூடியவை உள்ளன: தொழிற்கூடங்களிலேயே பதிவு முகாம், வாடகை ஒப்பந்தம் இல்லாதோருக்கு நேரில் விசாரித்துச் சான்று, இந்தியிலும் ஒடியாவிலும் படிவங்கள். இங்கே சேர்வதா, ஊரிலேயே தொடர்வதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும். கணக்கெடுப்பில் பிறந்த இடம், முன்பு வசித்த இடம், வந்த காரணம், வந்து எத்தனை காலம் ஆகிறது என்ற கேள்விகள் கேட்கப்படுவது வழக்கம். 2011இல் கேட்ட அக்கேள்விகளின் இடப்பெயர்வு அட்டவணைகள் வெளிவர 2019 ஆகிவிட்டது. இம்முறை அவை வட்ட வாரியாக, மறுவரையறை ஆணையம் முதல் கோட்டை வரைவதற்கு முன்பே வெளியிடப்பட வேண்டும். பல்லடம் வட்டத்தில் வாழ்வோர் எத்தனை பேர், அவர்களுள் வாக்களிப்போர் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஆணையம் அமரட்டும்.