உங்களுக்குத் தெரியுமா? ஜன்னலில் விரியும் பனிப் பெரணி

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த விவசாயி வில்சன் பென்ட்லி. நுண்ணோக்கியோடு கேமராவை இணைத்து, 1885 ஜனவரியில் ஒரு தனிப் பனிப்படிகத்தைப் படம்பிடித்தார். ஆயுளுக்குள் 5,000-க்கும் மேற்பட்ட படிகங்களைப் பதிவு செய்த அவர், ஜன்னல் கண்ணாடியில் படரும் உறைபனிக் கோலங்களையும் விடவில்லை. 1907-இல் வெளியான அவருடைய ஆய்வுக் கட்டுரை அவற்றையும் விரிவாகப் பேசுகிறது.

வெளியே உறைநிலைக்கும் கீழான கடுங்குளிர், உள்ளே கதகதப்பான ஈரக்காற்று, நடுவில் ஒற்றைக் கண்ணாடி. காற்றிலுள்ள நீராவி தண்ணீராக மாறாமலே நேராகப் பனிக்கட்டியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் படிகிறது. எங்கே படிய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது பழைய கீறல், தூசி, துணியால் துடைத்த தடம். அங்கே ஊன்றிய படிகம் நடுநரம்பும் கிளைகளும் விட்டுப் பெரணி இலையாக விரிகிறது. இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் வந்தபின் குளிர்நாட்டு வீடுகளிலேயே இது அரிதாகிவிட்டது. பெரிய இழப்புதான்.

படமெடுக்க விடியற்காலைதான் நேரம். வெயில் ஏறினால் உருகிவிடும். கேமரா கண்ணாடிக்கு நேர் இணையாக இருந்தால்தான் கோலம் முழுதும் துல்லியமாக விழும். ஆட்டோ ஃபோகஸ் கண்ணாடியைத் தாண்டி வெளியே உள்ள மரத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் ஃபோகஸைக் கையால் சரிசெய்வதே நல்லது. பின்னால் இருட்டும் பக்கத்தில் சாய்வெளிச்சமும் அமைந்தால் ஒவ்வொரு நரம்பும் தனியாகத் தெரியும். கண்ணாடிமேல் மூச்சு மட்டும் படவே கூடாது. பட்ட இடத்தில் கூரான நுனிகள் மழுங்கிவிடும்.