கடைசியில் இணைக்க வேண்டியது மின்கலம்

மின்சுற்றொன்றைத் தாளில் வரையத் தெரிந்த மாணவர்கள் நம்மிடையே பலர் உளர். அதனைத் தம் கையால் அமைத்துப் பார்த்தவர்கள் சிலரே. க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013ஆம் ஆண்டில் ஆரம்பிக்கப்பட்டது. எனினும், இலத்திரனியலின் முதற் பாடத்துக்கு உயர்தர வகுப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு 9 வோல்ற் மின்கலமும் ஒரு பிறெட்போர்ட்டும் வீட்டு மேசையிலேயே அதனைக் கற்பித்துவிடும்.

வானொலியின் ஆரம்ப காலத்தில் ஆர்வலர்கள் பாண் வெட்டும் மரப்பலகையில் உதிரிப் பாகங்களைப் பொருத்திச் சுற்றுகளை அமைத்தமையாலேயே இப்பெயர் வந்தது. இன்றைய பிளாஸ்டிக் பலகைக்குப் பற்றாசு தேவையில்லை. ஓரங்களில் நீளவாட்டில் செல்லும் துளை வரிசைகள் மின்வழங்கலுக்குரியவை. நடுப்பகுதியில் ஐந்தைந்து துளைகள் உள்ளே உலோகக் கவ்வியால் இணைந்திருக்கும். ஆகவே, ஓர் உறுப்பின் இரு கால்களையும் ஒரே ஐந்து துளைகளுக்குள் செருகினால் மின்னோட்டம் அவ்வுறுப்பைத் தவிர்த்துச் சென்றுவிடும்.

சிறிய சிவப்பு எல்.ஈ.டி. ஒன்றை ஒளிரச் செய்வதை எடுத்துக்கொள்வோம். சிவப்புக் கோடிட்ட வரிசையிலிருந்து 470 ஓம் தடையி ஒன்றை நடுப்பகுதியின் ஓர் ஐந்து துளைக் கூட்டத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். எல்.ஈ.டி.யின் நீண்ட கால் அதே கூட்டத்திலும், குறுகிய கால் வேறொரு கூட்டத்திலும் அமைய வேண்டும். அங்கிருந்து ஒரு கம்பி நீலக் கோடிட்ட வரிசைக்குச் செல்ல வேண்டும். எல்.ஈ.டி. ஏறத்தாழ 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ள, மீதி 7 வோல்ற் தடையியில் வீழும். 7ஐ 470ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 15 மில்லி அம்பியர். இது பாதுகாப்பான அளவாகும். தடையியின்றி இணைத்தால் எல்.ஈ.டி. கருகிவிடும்.

இவற்றையெல்லாம் சரிபார்த்த பின்னரே மின்கலத்தின் சிவப்புக் கம்பியைச் சிவப்பு வரிசையிலும் கறுப்புக் கம்பியை நீல வரிசையிலும் செருக வேண்டும். எதையேனும் மாற்றுவதாயின் முதலில் கழற்ற வேண்டியதும் மின்கலமே. இந்த ஒழுங்கு தவறினால், வெற்றுக் கம்பி முனைகள் ஒன்றையொன்று தொட்டுக் குறுஞ்சுற்று ஏற்பட்டு மின்கலம் சூடாகலாம். கைத்தொலைபேசியின் லிதியம் மின்கலத்தில் அது தீயாகவே மாறக்கூடும். சுவரிலுள்ள 230 வோல்ற் மின்சாரமோ உயிரையே பறிக்கும். ஆரம்ப நிலையினர் இவ்விரண்டையும் நாடலாகாது.

பிள்ளைகள் மின்சாரத்தைத் தொடக்கூடாதென்று அச்சுறுத்துவதால் மட்டும் விபத்துகள் குறைந்துவிடா. எதனைத் தொடலாம், எதனைத் தொடலாகாது என்று அறிந்த பிள்ளையே பாதுகாப்பான பிள்ளை. அந்த அறிவை ஒரு சிறு மின்கலத்தின் துணைகொண்டு ஊட்டப் பெற்றோரும் ஆசிரியரும் முன்வர வேண்டும் என்பதே நமது வேண்டுகோளாகும்.