கொரியத் திகில் படமும் ஒற்றை முடியும்

இரவு பத்து மணிக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுக் கொரியத் திகில் படம் பார்ப்பது என் பழக்கம். "வகுப்பிலே பேய் இல்லை என்கிறீர்கள், வீட்டிலே பேய்ப் படம் பார்க்கிறீர்களே, சார்!" என்று உடன் பணிபுரியும் ஆசிரியர்கள் கேலி செய்வதுண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் ஒன்றுதான். நல்ல கொரியப் படத்தில் நம்மை அச்சுறுத்துவது பேய் அன்று. "இவற்றுள் எதை நம்புவது?" என்ற கேள்விதான் அச்சுறுத்துகிறது. அது ஆய்வுக்கூடத்துக் கேள்வியும் ஆகும்.

2003-இல் வெளிவந்த, கிம் ஜீ வூன் இயக்கிய 'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். மாற்றாந்தாயிடம் துன்புற்ற இரு சகோதரிகளைப் பற்றிய பழைய கொரிய நாட்டுக் கதையிலிருந்து பிறந்தது அது. நாம் கண்ணால் கண்ட பலவும் உண்மையில் நடந்தவை அல்ல என்பது படத்தின் பிற்பகுதியில்தான் தெரிய வருகிறது. 2016-இல் நா ஹாங் ஜின் எடுத்த 'தி வெய்லிங்' படத்திலோ, கிராமத்துக் காவலர் ஒருவர் தம் மகளைக் காப்பாற்ற வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்த அயலான், பூசை செய்யும் மந்திரவாதி, வெள்ளாடைப் பெண் ஆகிய மூவரில் யாரை நம்புவது என்று அவர் தவிக்கிறார். நாமும் தவிக்கிறோம்.

இந்த வகையில் என்னை மிகவும் கலக்கிய படத்தில் பேயே கிடையாது. போங் ஜூன் ஹோ 2003-இல் எடுத்த 'மெமரீஸ் ஆஃப் மர்டர்' என்ற படம் அது. உண்மையில் நடந்த ஒரு வழக்கை அடிப்படையாகக் கொண்டது. அந்த வழக்கில் இயற்பியலுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பங்கு பெருமைக்குரியதன்று. அதைச் சொல்லவே இக்கட்டுரை. படத்தின் முடிவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நெல் வயலில் தொடங்கும் கதை

தென்கொரியத் தலைநகர் சியோலுக்குத் தெற்கே, ஹ்வாசோங் என்ற ஊர்ப்புறத்தில் 1986 முதல் 1991 வரை 10 பெண்கள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டனர். படம், முற்றிய நெல் வயலின் ஓரத்து நீர்க் கால்வாயில் கிடக்கும் ஒரு சடலத்துடன் தொடங்குகிறது. உள்ளூர்த் துப்பறிவாளராகச் சாங் காங் ஹோ நடித்திருக்கிறார். எவனையும் கண்ணை உற்றுப் பார்த்தே குற்றவாளியா அல்லவா என்று சொல்லிவிட முடியும் என்பது அவருடைய நம்பிக்கை. சியோலிலிருந்து வரும் மற்றொரு துப்பறிவாளருக்கோ கோப்புகளில்தான் நம்பிக்கை. காகிதம் பொய் சொல்லாது என்பவர் அவர்.

ஆரம்பக் காட்சி ஒன்றில், மேலதிகாரி உள்ளூர்த் துப்பறிவாளரைச் சோதிக்கிறார். காவல் நிலையத்தில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருக்கின்றனர். ஒருவன் பெண்ணுக்குத் தீங்கிழைத்தவன். மற்றவன் அவனைப் பிடித்து வந்த அப்பெண்ணின் அண்ணன். "யார் எவர், சொல்!" என்கிறார் அதிகாரி. துப்பறிவாளர் இருவரையும் உற்றுப் பார்க்கிறார். விடை நமக்குச் சொல்லப்படாமலே காட்சி முடிந்துவிடுகிறது. மாணவர்களுக்கு அறிவியல் முறை என்றால் என்ன என்று விளக்க இதைவிட நல்ல காட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

படத்தின் இறுதிப் பகுதியில் ஒருவன் மேல் சந்தேகம் வலுக்கிறது. தடயத்தை டி.என்.ஏ. சோதனைக்காக அமெரிக்காவுக்கு அனுப்புகின்றனர். அந்த வசதி அப்போது கொரியாவில் இல்லை. வந்த கடிதமோ அவன்தான் என்று உறுதி செய்யவில்லை. காகிதத்தை நம்பியவர் அக்காகிதத்தையே வீசி எறிந்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறார். கண்ணை நம்பியவர் அவனுடைய கண்ணை உற்றுப் பார்த்து, தனக்கு எதுவும் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். இருவர் கையில் இருந்த அளவுகோல்களும் முறிந்துபோகின்றன.

சான்று எவ்வளவு சொல்லும்?

இங்கே சிறிது நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 20,000 ஆண்கள் இருப்பதாகக் கொள்வோம். குற்றவாளி விட்டுச் சென்ற தடயத்தில் ஓர் அடையாளம் தெரிகிறது. அந்த அடையாளம் 100 பேரில் ஒருவருக்கு மட்டுமே உண்டு. பிடிபட்ட ஒருவரிடம் அது இருக்கிறது. "நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது இவர்தான்" என்று சொல்லத் தோன்றும். அது தவறு. 20,000 பேரில் 200 பேருக்கு அந்த அடையாளம் இருக்கும். வேறு சான்று இல்லாவிட்டால், பிடிபட்டவர் அந்த 200 பேரில் ஒருவர் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது.

பொருந்தாத அடையாளம் ஒருவரை ஒரேயடியாக விலக்கிவிடும். ஆனால் அந்த அடையாளம் குற்றவாளியுடையதுதானா என்பது முதலில் உறுதிப்பட வேண்டும். ஹ்வாசோங் வழக்கில் கொலையாளியின் இரத்தப் பிரிவு 'பி' என்று காவல்துறை கருதியது. உண்மைக் குற்றவாளி அந்தக் காலத்திலேயே விசாரிக்கப்பட்டவன். அவனுடைய இரத்தப் பிரிவு 'ஓ'. ஆகவே கைக்கு எட்டியவன் விலக்கப்பட்டுவிட்டான்.

முடிக்குள் நுழையும் நியூட்ரான்

இனி இயற்பியலின் பங்கைப் பார்ப்போம். 1988 செப்டம்பரில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி தன் வீட்டிலேயே கொல்லப்பட்டாள். அது வரிசையில் எட்டாவது கொலை. அந்த இடத்தில் சில உடல் முடிகள் கிடைத்தன. அவை 'நியூட்ரான் கிளர்வுப் பகுப்பாய்வு' என்ற முறையில் ஆராயப்பட்டன.

இம்முறை 1936-இல் ஹெவெசி, ஹில்டே லெவி என்ற இரு அறிவியலார் கண்டறிந்தது. ஆராய வேண்டிய பொருளை அணு உலையில் வைப்பார்கள். நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லாததால் அது அணுக்கருவுக்குள் எளிதில் நுழைகிறது. நுழைந்ததும் சாதாரண அணு கதிரியக்க அணுவாக மாறுகிறது. எடுத்துக்காட்டாக, சோடியம் 23 என்பது சோடியம் 24 ஆகிறது. அதன் அரை ஆயுள் சுமார் 15 மணி நேரம். டைட்டானியம் 50 என்பது டைட்டானியம் 51 ஆகிறது. அதன் அரை ஆயுள் 6 நிமிடத்துக்கும் குறைவு. இந்த அணுக்கள் சிதையும்போது காமாக் கதிர்களை வெளிவிடுகின்றன. ஒவ்வொரு கோயில் மணிக்கும் தனிச் சுருதி உண்டல்லவா? அதுபோல ஒவ்வொரு வகை அணுவின் காமாக் கதிருக்கும் தனி ஆற்றல் உண்டு. எந்த ஆற்றலில், எத்தனை கதிர்கள் என்று எண்ணினால், எந்தத் தனிமம், எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிவிடலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவைக் கூட இம்முறை காட்டிக் கொடுக்கும். அவ்வளவு நுட்பமானது.

கிடைத்த முடியில் டைட்டானியம் மிகுதியாக இருக்கிறது, எனவே குற்றவாளி உலோகப் புழுதி படியும் இடத்தில் வேலை செய்பவனாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தனர். பலருடைய முடிகளைச் சேகரித்து ஒப்பிட்டனர். வேளாண் இயந்திரங்கள் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை செய்த 22 வயது இளைஞர் ஒருவர் 1989-இல் கைதானார். இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்டவர் அவர். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று காவல்துறை அறிவித்தது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

நெப்போலியனின் முடி

இந்த முறையில் எங்கே வழுக்க முடியும்? அதை அறிய வேறொரு முடியைப் பார்ப்போம். நெப்போலியன் 1821-இல் செயின்ட் ஹெலினா தீவில் இறந்தார். அவருடையது எனப்படும் முடியை 1961-இல் இதே நியூட்ரான் முறையில் ஆராய்ந்தபோது, அதில் ஆர்சனிக் மிகுதியாக இருந்தது. அவருக்கு நஞ்சு கொடுக்கப்பட்டது என்று பலர் முடிவு கட்டினர். 2008-இல் இத்தாலிய இயற்பியலார் மேலும் ஒரு படி சென்றனர். நெப்போலியனின் சிறு வயது முடி, அவருடைய மகனின் முடி, மனைவி ஜோசபினின் முடி ஆகியவற்றையும் சேர்த்து ஆராய்ந்தனர். எல்லாவற்றிலும் ஆர்சனிக் மிகுதியாகவே இருந்தது. அந்தக் காலச் சூழலிலேயே ஆர்சனிக் நிறைந்திருந்தது என்பதே விளக்கம்.

1961-இன் அளவீட்டில் பிழை இல்லை. "இது மிகுதி" என்று சொல்லும்போது, எதனோடு ஒப்பிட்டு மிகுதி என்று கேட்கத் தவறியதே பிழை. முடியில் உள்ள தனிமங்கள் உணவாலும் நீராலும் புழுதியாலும் வியர்வையாலும் மாறுபடும். ஒரே தலையிலிருந்து எடுத்த இரண்டு முடிகள் கூட அப்படியே ஒத்திருப்பதில்லை. ஆகவே முடியில் உள்ள உலோகம் ஒருவருடைய சூழலைப் பற்றி ஓரளவு சொல்லலாம். "இவர்தான்" என்று விரல் நீட்டாது.

இரட்டிப்பாகும் சாட்சி

ஹ்வாசோங் கொலைகள் தொடங்கிய அதே 1986-இல், இங்கிலாந்தில் லெஸ்டர் நகருக்கு அருகே இரண்டு சிறுமியர் கொல்லப்பட்ட வழக்கில் 17 வயது இளைஞன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு டி.என்.ஏ. அடையாள முறையைக் கண்டறிந்திருந்த அலெக் ஜெஃப்ரீஸ் தடயங்களை ஆராய்ந்தார். இரண்டு கொலைகளையும் செய்தவன் ஒருவனே; அவன் இந்த இளைஞன் அல்லன் என்று தெரிந்தது. ஒரு கொலை வழக்கில் இம்முறை செய்த முதல் வேலை, தானே ஒப்புக்கொண்ட ஒரு நிரபராதியை விடுவித்ததுதான். உண்மைக் குற்றவாளி பின்னர் அதே முறையால் பிடிபட்டான்.

டி.என்.ஏ.வின் வலிமை எங்கிருந்து வருகிறது? நம் மரபுப் பொருளில் சில இடங்களில் சிறு எழுத்துத் தொடர்கள் திரும்பத் திரும்ப வரும். ஒருவருக்கு 7 முறை, மற்றொருவருக்கு 11 முறை என்று அது மாறுபடும். எளிமைக்காக, ஓர் இடத்தில் பொருந்துவோர் 10 பேரில் ஒருவர் என்று கொள்வோம். ஒன்றையொன்று சாராத 10 இடங்களை ஒப்பிட்டால், எல்லாவற்றிலும் பொருந்துவோர் 1000 கோடியில் ஒருவர்தான். உலக மக்கள்தொகையே அவ்வளவு இல்லை. மேலே கண்ட 200 பேர் இங்கே ஒருவராகச் சுருங்கிவிடுகின்றனர்.

தடயம் மிகச் சிறிதாக இருந்தால்? 1983-இல் கேரி முல்லிஸ் கண்டறிந்த முறையில் டி.என்.ஏ.வைச் சோதனைக் குழாயிலேயே இரட்டிப்பாக்கலாம். 30 முறை இரட்டித்தால் ஒரே ஓர் இழை 100 கோடிக்கு மேல் பெருகும். அதனால்தான், காவல்துறை பாதுகாத்து வைத்திருந்த பழைய ஆடைகளும் முப்பது ஆண்டுகளுக்குப் பின் பேசின.

2019 செப்டம்பரில் செய்தி வந்தது. பழைய தடயங்களில் கிடைத்த டி.என்.ஏ., வேறொரு கொலைக்காக 1994 முதல் சிறையில் இருந்த ஒருவனுடையதோடு பொருந்தியது. அவன் 14 கொலைகளை ஒப்புக்கொண்டான். எட்டாவது கொலையும் அவற்றுள் ஒன்று. வழக்குத் தொடரும் காலக்கெடு 2006-லேயே கடந்துவிட்டதால், ஹ்வாசோங் கொலைகளுக்காக அவனைத் தண்டிக்க இயலவில்லை.

பட்டறைத் தொழிலாளி 20 ஆண்டு சிறையில் கழித்து 2009-இல்தான் வெளியே வந்திருந்தார். மறு விசாரணையில் முடிப் பகுப்பாய்வு அறிக்கை ஆராயப்பட்டது. அது திரித்து எழுதப்பட்டது என்றது அரசு வழக்கறிஞர் தரப்பு. பெரும் பிழை என்றது காவல்துறை. எதுவாயினும் அது நம்பத்தக்கதன்று என்று நீதிமன்றம் கண்டது. தூங்கவிடாமல் வற்புறுத்திப் பெற்ற வாக்குமூலமும் தள்ளப்பட்டது. 2020 டிசம்பர் 17 அன்று அவர் நிரபராதி என்று தீர்ப்பாயிற்று.

மீண்டும் அந்தப் படம்

படத்தின் கடைசிக் காட்சியில், வேலையை விட்டுவிட்ட உள்ளூர்த் துப்பறிவாளர் பல ஆண்டுகளுக்குப் பின் அதே வயலுக்கு வருகிறார். முன்பு ஒருவன் வந்து இதே கால்வாயை எட்டிப் பார்த்தான், சாதாரண முகந்தான் என்கிறாள் ஒரு சிறுமி. அவர் திரும்பி நேராக நம்மைப் பார்க்கிறார். கொலையாளி என்றேனும் இப்படத்தைப் பார்க்கக்கூடும் என்று எண்ணியே அப்படி அமைத்ததாக இயக்குநர் கூறியிருக்கிறார். அவனும் சிறையில் பார்த்தானாம். எதுவும் தோன்றவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னான்.

முதல் முறை பார்த்தபோது அந்தப் பார்வை கொலையாளிக்கு என்று நினைத்தேன். செய்திகளை அறிந்தபின் மீண்டும் பார்த்தேன். படம் வெளிவந்த 2003-இல் கொலையாளியும் சிறையில் இருந்தான். ஒரு நிரபராதியும் சிறையில் இருந்தார். இரண்டையும் யாரும் அறியவில்லை. இம்முறை அந்தப் பார்வை என்னைப் போன்றவர்களுக்கும் உரியது என்று தோன்றிற்று.

காரணம் உண்டு. ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வரும் என்று மாணவர்களுக்கு முன்பே தெரியும். 9.2 வந்தால், அளவீடுகளை அழித்து 9.8 வரும்படி எழுதிவிடுவார்கள். நானும் படிக்கும் காலத்தில் செய்ததுதான். மதிப்பெண் போகுமே என்ற பயம். இப்போது என் வகுப்பில் 9.2 என்று எழுதி, ஏன் அப்படி வந்தது என்று காரணமும் எழுதுபவருக்கு முழு மதிப்பெண் தருகிறேன். அளவீடு எழுதும் ஏட்டில் ரப்பர் பயன்படுத்தக் கூடாது. தவறு என்று கருதினால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். அடித்த எண் பிறர் படிக்கும்படி இருக்க வேண்டும்.