பந்தல்காரரின் கல்யாணம்

டில்லியில் வசதியான ஒரு பஞ்சாபிக் குடும்பம். மகள் அதிதிக்கு அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் மாப்பிள்ளை. மீரா நாயர் இயக்கி 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'மான்சூன் வெட்டிங்' படத்தின் கதை இவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் உண்டு. மணப்பெண்ணாக நடித்த வசுந்தரா தாஸ், கமல்ஹாசனின் 'ஹே ராம்' (2000) மூலம் தமிழ் ரசிகர்களுக்கு அறிமுகமானவர்.

அந்த ஆண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் இப்படம் தங்கச் சிங்கம் விருதைப் பெற்றது. அதற்கு முன் இவ்விருது ஓர் இந்திய இயக்குநருக்குக் கிடைத்தது 1957இல். சத்யஜித் ரேயின் 'அபராஜிதோ' படத்திற்கு. வெறும் ஆட்டம் பாட்டத்துக்கு அந்த விருது கிடைத்திருக்காது.

படத்தில் நடப்பது ஒரு திருமணமல்ல, இரண்டு. பந்தல் குத்தகைக்காரர் துபே, வீட்டுப் பணிப்பெண் ஆலிஸ் மீது மனத்தைப் பறிகொடுக்கிறார். துபே சுவாரசியமான மனிதர். 1991இல் தொடங்கிய பொருளாதாரத் தாராளமயம் உருவாக்கிய புதிய வகை ஆள். கையில் கைத்தொலைபேசி, வாயில் அரைகுறை ஆங்கிலம். பந்தலுக்கு வெள்ளைத் துணி கட்டிவிட்டு அதுதான் நாகரிகம் என்கிறார். வெள்ளை துக்க வீட்டுக்குத்தான் என்று பெண்ணின் தந்தை லலித் கொதிக்கிறார். ஆனால் வெளியே கம்பீரமாகத் தெரியும் அந்தத் தந்தையே கல்யாணச் செலவுக்குப் பணம் புரட்டத் திண்டாடுகிறார் என்பதையும் படம் மறைக்கவில்லை.

ஒரு காட்சியை இங்கே குறிப்பிட வேண்டும். மணப்பெண்ணின் அறையைச் சுத்தம் செய்ய வந்த ஆலிஸ், அங்கிருந்த நகைகளை அணிந்து கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிறாள். சன்னல் வழியே அதைக் காணும் பந்தல் வேலையாட்களுக்கு உடனே தோன்றுவது, இவள் திருடுகிறாள் என்பதுதான். அவர்களும் ஏழைகளே! அப்படியிருந்தும், ஏழைப் பெண்ணின் கழுத்தில் நகை இருந்தால் அது திருட்டு நகையாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அவர்கள் மனத்திலும் ஊறியிருக்கிறது.

இதே வீட்டில் உண்மையான குற்றவாளி ஒருவர் இருக்கிறார். குடும்பத்துக்குப் பல காலம் பண உதவி செய்துவரும் உறவினர் தேஜ், லலித்தின் அண்ணன் மகள் ரியாவிடம் அவள் சிறுமியாக இருந்தபோது தகாத முறையில் நடந்துகொண்டவர். ரியா அதை எல்லோர் முன்னும் சொன்ன பிறகும் அவரை வெளியே போகச் சொல்ல லலித்துக்கு உடனே நா எழவில்லை. பட்ட நன்றிக்கடன் தடுக்கிறது. ஆலிஸைச் சந்தேகிக்க ஒரு கணம் போதும். தேஜைக் கண்டிக்க ஓர் இரவு முழுதும் தேவைப்படுகிறது. இப்படத்தின் மிகக் கூர்மையான பகுதி இதுவே.

முடிவில் செவ்வந்திப் பூக்களோடு, ஆடம்பரம் எதுவுமின்றி, வேலையாட்கள் சூழத் துபே ஆலிஸை மணக்கிறார். மழை கொட்டுகிறது. பெரிய வீட்டார் இருவரையும் பந்தலுக்குள் அழைக்க, எல்லோரும் சேர்ந்து ஆடுகிறார்கள். மனத்துக்கு இதமான காட்சிதான். சற்றே எளிதான தீர்வும்கூட. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு ஆலிஸ் ஓடியாடி வேலை செய்தாள். அவள் கல்யாணத்துக்கு அந்த வீட்டார் வந்ததோ, ஒரு பாட்டுக்கு ஆடத்தான்.