கப்பலில் தீபாவளி: அறையை அலங்கரிக்கலாமா? விளக்கு ஏற்றலாமா?

இந்த ஆண்டு தீபாவளி வீட்டில் இல்லை, உல்லாசக் கப்பலில்தான் என்று குடும்பத்தில் முடிவாகிவிட்டதா?

மரினா பேயில் கப்பல் ஏறி, நடுக்கடலில் பண்டிகை. கேட்கவே நல்லாத்தான் இருக்கு!

ஆனால் பெட்டி அடுக்கும்போது பாட்டி ஒரு கேள்வி கேட்பார்: "விளக்கு ஏத்தக்கூடாதுன்னா அது என்ன தீபாவளி?"

பாட்டிக்கு என்ன பதில் சொல்வது? அறையில் எதை மாட்டலாம், எதை வீட்டிலேயே விட்டுச் செல்லவேண்டும்?

அகல் விளக்கு, ஊதுபத்தி, மத்தாப்பு?

மூன்றுமே கூடாது.

சிங்கப்பூரில் பட்டாசுக்கு 1972ஆம் ஆண்டிலிருந்து தடை உண்டு. ஆனால் வீட்டுக்குக் கீழே மத்தாப்பு கொளுத்தலாம். கப்பலில் அதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் மெழுகுவத்திக்கும் இதே விதிதான். கப்பல் ஏறும் முன்னர் பெட்டிகள் சோதிக்கப்படும். இவை இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு?

வீட்டில் தீப்பிடித்தால் 995க்கு அழைப்போம். குடிமைத் தற்காப்புப் படை வரும். நாம் படியில் இறங்கி வெளியே ஓடலாம். நடுக்கடலில் இரண்டுக்குமே வழியில்லை. தீயை அணைக்க வேண்டியவர்கள் கப்பல் ஊழியர்களே. அதனால் தீ தொடங்கவே கூடாது, தொடங்கினாலும் பரவக்கூடாது என்பதுதான் கப்பல் கட்டுமானத்தின் அடிப்படை.

சுவரைத் தட்டிப் பாருங்கள்

அறைக்குள் போனதும் சுவரைத் தட்டிப் பாருங்கள். மரம் மாதிரி தெரியும். ஆனால் பெரும்பாலான கப்பல்களில் அது எஃகுத் தகடு. இரு தகடுகளுக்கு நடுவில் எளிதில் எரியாத கனிம இழையை அடைத்திருப்பார்கள்.

கடலில் உயிர் காக்கும் 'சோலாஸ்' என்ற அனைத்துலக ஒப்பந்தம் இதற்குக் காரணம். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் அது முதன்முதலில் உருவானது. இன்று பயணிகள் கப்பலின் சுவரும் கதவும் எவ்வளவு நேரம் தீயைத் தாங்கவேண்டும் என்பதையும் அது சொல்கிறது. அறைச் சுவர்களில் பரவலாகப் பயன்படும் 'பி' வகைத் தடுப்பு, தீச்சோதனையில் முதல் அரைமணி நேரத்துக்குத் தீயை மறுபக்கம் விடக்கூடாது.

இதில் உங்களுக்கு ஒரு லாபம் உண்டு. எஃகு என்றால் காந்தம் ஒட்டும்! விளக்கைத் தடுக்கும் அதே விதிதான், அலங்காரம் மாட்ட நான்கு சுவரையும் உங்களுக்குத் தருகிறது.

பால்கனியில் மின்விளக்குச் சரம் தொங்கவிடலாமா?

வேண்டாம்.

2006 மார்ச் 23ஆம் தேதி, ஜமைக்கா அருகே 'ஸ்டார் பிரின்சஸ்' கப்பலின் பால்கனி ஒன்றில் தீ மூண்டது. அணைக்காமல் வீசிய சிகரெட் காரணமாக இருக்கலாம் என்று விசாரணை கூறியது. பிளாஸ்டிக் நாற்காலிகளும் பால்கனிகளுக்கு இடையிலான தடுப்புகளும் எரிந்து, தீ மேல்தளங்களுக்கு ஏறியது. பயணி ஒருவர் மாண்டார். அதற்குப் பிறகு பால்கனிப் பொருள்களுக்கும் விதிகள் கடுமையாயின. அங்கே நீங்கள் கட்டும் துணியோ காகிதமோ அந்த முயற்சியைக் கெடுத்துவிடும்.

இன்னொரு காரணமும் உண்டு. இரவில் கப்பல்கள் ஒன்றையொன்று அடையாளம் காண்பது விளக்குகளால்தான். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. அவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு விளக்குகள் வெளியே தெரியக்கூடாது என்பது கடல் விதி.

சரி, அறைக்குள்ளே பிளக் போட்டு எரிய விடலாமா?

அதையும் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. மின்னழுத்தப் பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் வயரையும் கொண்டுபோகாதீர்கள். வீட்டு மின்சாரத்தில் ஒரு கம்பியில்தான் மின்னழுத்தம் இருக்கும். பல கப்பல்களில் இரு கம்பிகளிலும் இருக்கும். வீட்டுக்காகச் செய்த பாதுகாப்புக் கருவி அங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2013இல் இதுபற்றி எச்சரிக்கை விடுத்தது.

அப்போ எதைக் கொண்டுபோகலாம்?

- காந்தக் கொக்கிகள்: பத்துப் பன்னிரண்டு போதும். சில அறைகளில் காந்தம் ஒட்டாது; முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

- காந்தத் தாள்: கைவினைக் கடைகளில் கிடைக்கும். அதில் கோலம் வரைந்து, மயில், மாங்காய் வடிவில் வெட்டிக் கதவில் ஒட்டலாம். அரிசிமாவைக் கம்பளத்தில் கொட்டிவிட்டு முழிக்க வேண்டாம்.

- பேட்டரியில் எரியும் எல்இடி அகல்: பெரும்பாலும் அனுமதி உண்டு. பேட்டரி மூடி திருகாணி போட்டதா என்று பாருங்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

- தோரணம்: சின்னதாக ஒன்று, கண்ணாடிக்கு மேல். மாவிலையும் பூவும் வேண்டாம். போய்ச் சேரும் துறைமுகத்தில் செடி, இலை இறக்கக் கட்டுப்பாடு இருக்கலாம்.

செல்லோடேப், புளூ டேக் வேண்டாம். கறை பட்டால் கட்டணம் கேட்கலாம்.

எதை மறைக்கக்கூடாது?

மேலே பாருங்கள். புகை உணர்கருவியும் தண்ணீர் தெளிப்பானும் இருக்கும். அவற்றில் எதையும் கட்டாதீர்கள். கதவின் உள்பக்கத்தில் வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடம் இருக்கும். அதன்மீது கோலம் வேண்டாம்.

கதவுக்கு மேலே மாட்டும் கொக்கியையும் தவிர்த்துவிடுங்கள். அறைக் கதவு தானாக மூடிக்கொள்ளவேண்டும். கொக்கி தடுத்து ஒரு விரல் இடைவெளி விட்டாலும் புகை நடைவழிக்கு வந்துவிடும்.

பாட்டிக்கு என்ன சொல்வது?

புறப்படும் நாளில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து விளக்கு ஏற்றுங்கள். பாட்டியே ஏற்றட்டும். குளிர்ந்ததும் ஓர் அகலைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளிக் காலையில், எண்ணெயும் திரியும் இல்லாமல் அதை மேசையில் வையுங்கள். பக்கத்தில் எல்இடி விளக்கு. சுவரில் காந்தக் கோலம்.

அப்போதும் பாட்டி, "இதெல்லாம் ஒரு விளக்கா?" என்று கேட்கலாம். அவரது கையைப் பிடித்து அந்த எஃகுச் சுவரைத் தட்டிக் காட்டுங்கள். மற்ற அறைகளிலும் யாரோ ஒருவருடைய பாட்டி தூங்கிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்காகத்தான் இந்த விளக்கு எரியவில்லை என்று சொல்லுங்கள். பாட்டிக்குப் புரியும்.