சிதறிய பதிவுகளைக் கோர்த்தல்

நாட்டில் ஏதாவதொன்று நடந்தால் இப்போது முதலில் அதிர்வது கைத்தொலைபேசிதான். பத்திரிகை மறுநாட் காலையில்தான் வீட்டுக்கு வரும். அதற்கிடையில் பேஸ்புக், எக்ஸ் (முன்பு ருவிற்றர்), இன்ஸ்டகிராம், யூடியூப் என்று நூற்றுக்கணக்கான துண்டுகள் வந்து குவிந்துவிடும். ஒருவர் படம் போடுவார். இன்னொருவர் தானும் அங்கேதான் நின்றதாக எழுதுவார். மூன்றாமவர் வந்து இரண்டுமே பொய் என்பார். ஒரு மாதம் கழித்துத் தேடினால் பாதி அகப்படாது. அகப்படுவனவும் முன்பின்னாகக் கிடக்கும்.

இத்துண்டுகளில் வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து, ஒழுங்குபடுத்தி, இடையிடையே விளக்கம் எழுதி, ஒரு கதையாக வாசிக்கத் தருவதற்கென்றே ஓர் இணையச் செயலி இருந்தது. அதன் பெயர் ஸ்டோரிஃபை. எங்கள் ஊடகக் கழகத்தில் இவ்வருடம் அதே வகையைச் சேர்ந்த வேறொரு செயலியைக் கொண்டு வேலை செய்தோம். அந்த வேலை எப்படிப்பட்டது, அதில் எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

ஸ்டோரிஃபை 2010 இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்டது. ஏ.பி. செய்தி நிறுவனத்தில் நிருபராக இருந்த பேர்ட் ஹேர்மனும், பெல்ஜியத்தைச் சேர்ந்த சேவியர் டமன் என்ற மென்பொருள் வல்லுநரும் அதை உருவாக்கினார்கள். பயன்படுத்துவது மிக இலகு. திரையின் ஒரு பக்கத்தில் தேடுவதற்கான இடம். அங்கே ஒரு சொல்லைக் கொடுத்தால் ருவிற்றர், பேஸ்புக், யூடியூப், பிளிக்கர் போன்றவற்றிலிருந்து பொதுப் பதிவுகள் வந்து நிற்கும். மறுபக்கத்தில் வெற்றுத் தாள்போல் ஓர் இடம். பிடித்த பதிவை இழுத்து அங்கே விட வேண்டும். இரண்டு பதிவுகளுக்கு நடுவே நாம் எழுதலாம். முடிந்ததும் வெளியிடலாம்; வேறு இணையத்தளங்களிலும் பதிக்கலாம். முக்கியமான விடயம், எடுக்கப்பட்ட பதிவு எழுதியவரின் பெயர், படம், திகதி, மூல இணைப்பு எல்லாவற்றுடனும் வந்து சேரும்.

அது ஏன் முக்கியம் என்பது எங்களுக்குப் புதிய பாடமல்ல. இஸ்லாம் பாடத்தில் ஹதீஸ் கலையைப் படிக்கும்போது இஸ்னாத், மத்ன் என்ற இரண்டையும் படித்திருக்கிறோம். மத்ன் என்பது செய்தி. இஸ்னாத் என்பது அச்செய்தி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற அறிவிப்பாளர் வரிசை. செய்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வரிசையில் ஒரு கண்ணி விடுபட்டிருந்தால் அறிஞர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. இமாம் புஹாரி ஆறு இலட்சம் அறிவிப்புகளை ஆராய்ந்தார் என்றும், அவற்றிலிருந்து ஏறத்தாழ ஏழாயிரத்தைத்தான், அதுவும் திரும்ப வருவனவற்றையும் சேர்த்து, தமது தொகுப்பில் இட்டார் என்றும் சொல்லப்படுகிறது. ஹதீஸையும் முகநூற் பதிவையும் நான் ஒரே தட்டில் வைக்கவில்லை, அஸ்தஃபிருல்லாஹ். தொகுப்பவர் பின்பற்ற வேண்டிய முறையை மட்டுமே சொல்கிறேன். ஸ்கிரீன்ஷொட் என்பது இஸ்னாத் அறுந்த மத்ன்.

எங்கள் நாட்டில் இப்படித் தொகுப்பதன் தேவை 2014 ஜூன் 15 அன்று நன்றாகத் தெரிந்தது. அளுத்கமையிலும் தர்கா நகரிலும் பேருவளையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்ட அந்த இரவில் பெரிய தொலைக்காட்சிகளும் வானொலிகளும் பெரும்பாலும் மௌனமாக இருந்தன. அங்கே என்ன நடக்கிறது என்பதை வெளியில் இருந்தவர்கள் ருவிற்றர், பேஸ்புக் வழியாகத்தான் அறிந்தார்கள். அவ்விடத்துக்குச் சென்ற ஒரு சில ஊடகவியலாளர்களின் சிறு சிறு பதிவுகளையும் படங்களையும் கிரவுண்ட்வியூஸ் போன்ற பிரஜைகள் ஊடகத் தளங்கள் திரட்டிக் கொடுத்தன. அவை இல்லாதிருந்தால் அந்த இரவு வதந்தியாகவே போயிருக்கும்.

நாங்கள் தெரிவு செய்த விடயம் 2019 ஏப்ரல் 21. கழகத்தில் நால்வர் சேர்ந்தோம். மூவர் வெள்ளவத்தைப் பக்கம், ஒருத்தி கொட்டாஞ்சேனை. ஆறு இடங்களையும் எடுத்தால் எங்களால் முடியாது என்பதால் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், அதைச் சுற்றியுள்ள வீதிகள், அந்த ஒரு வாரம் என்று எல்லை போட்டுக்கொண்டோம். கதைக்கு எல்லை போடுவதுதான் முதல் வேலை. எல்லை இல்லாவிட்டால் தேடல் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விடும்.

தொகுக்கும்போது மூன்று இடங்களில் நிறைய நேரம் நின்றோம்.

முதலாவது எண்ணிக்கை. ஏப்ரல் 24 ஆம் திகதிப் பதிவுகளில் இறந்தவர்கள் 359 என்று இருக்கிறது. மறுநாள் சுகாதார அமைச்சு அதைத் திருத்தி ஏறத்தாழ 253 என்றது. 24 ஆம் திகதி எழுதியவர் பொய் சொல்லவில்லை. அன்று அதிகாரிகள் சொன்னதைத்தான் எழுதினார். அப்பதிவைத் தூக்கிவிட வேண்டும் என்று ஒருத்தி சொன்னாள். வைத்திருக்க வேண்டும், ஆனால் அடுத்த வரியில் திருத்தத்தை நாங்கள் எழுத வேண்டும் என்றேன். கடைசியில் அப்படித்தான் செய்தோம். இடையில் எழுதும் அந்த இரண்டு வரிகள்தான் தொகுப்பவரின் உண்மையான வேலை. பதிவை இழுத்து விடுவதற்குச் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவது, யாருடைய குரல் இல்லை என்பது. அன்று அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம், யூடியூப் ஆகியவற்றை முடக்கியது. அம்முடக்கம் ஏப்ரல் இறுதி வரை இருந்தது. ருவிற்றர் பெரும்பாலும் வேலை செய்தது. ஆகவே எங்களுக்குக் கிடைத்தவை எல்லாம் ருவிற்றர்ப் பதிவுகள். அவற்றில் அநேகமானவை ஆங்கிலம். கொட்டாஞ்சேனையில் அந்தோனியாரிடம் செவ்வாய்க்கிழமைகளில் போகின்ற தமிழ்ச் சனங்கள் ருவிற்றரில் எழுதுபவர்கள் அல்லர். கிறிஸ்தவர்கள் மட்டுமன்றி இந்துக்களும் ஏன் முஸ்லிம்களும்கூடப் போகின்ற இடம் அது. அவர்களுடைய சொற்கள் வட்ஸ்அப் குழுக்களில் இருந்திருக்கும், அல்லது படலையடியில் பேசிய பேச்சோடு போயிருக்கும். எந்தச் செயலியாலும் அவற்றை இழுத்து வர முடியாது. எனவே எங்கள் கொட்டாஞ்சேனைத் தோழி தன் வீதியில் இருக்கும் பெரியவர்கள் சிலரிடம் சம்மதம் கேட்டு, பெயர் போடாமல், அவர்கள் சொன்னதைத் தமிழிலேயே எழுதி வந்தாள். எங்கள் தொகுப்பில் வாசிப்பதற்கு நல்ல பகுதி எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது, படங்கள். இறந்தவர்கள், காயப்பட்டவர்கள் முகம் தெரியும் படம் எதையும் சேர்ப்பதில்லை என்று தொடக்கத்திலேயே முடிவெடுத்தோம். ஆனால் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு படம். ஏப்ரல் 25 அன்று பொலிஸார் தேடப்படுவோரின் படங்களை வெளியிட்டார்கள். அதில் ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே இருந்தது, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவியின் படம். இலங்கை முஸ்லிம் பெற்றோருக்கு அங்கே பிறந்து வளர்ந்தவர். அவர் தாமே இணையத்தில் எழுதி மறுக்க வேண்டியிருந்தது. பொலிஸார் தவறை ஒப்புக்கொண்டார்கள். அதற்குள் படம் எங்கெல்லாமோ போய்விட்டது. கொலை மிரட்டல்கள் வந்தன. தலையில் முக்காடு அணிந்த எங்களில் எவருடைய படமும் அப்படிப் போகலாம். அந்தச் சம்பவத்தை எங்கள் கதையில் சேர்த்தோம், படத்தைச் சேர்க்கவில்லை, பெயரையும் எழுதவில்லை.

எங்கள் எல்லைக்குள் வராவிட்டாலும், அடுத்த மாதம் சிலாபத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு முஸ்லிம் கடைக்காரர் முகநூலில் இன்னொருவருக்குப் பதிலாக, அதிகம் சிரிக்க வேண்டாம், ஒருநாள் அழுவீர்கள் என்ற கருத்தில் அரைகுறை ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார். மேலும் கீழும் இருந்த உரையாடல் வெட்டப்பட்டு அந்த ஒரு வரி மட்டும் படமாகப் பரவியது. வரப்போகும் தாக்குதலுக்கான எச்சரிக்கை என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல்லெறி, ஊரடங்கு, பிறகு வேறு ஊர்களுக்கும் கலவரம். ஒரு பதில் எதற்குப் பதில் என்பதை அறுத்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. ஆகையால் பதிலைச் சேர்க்கும்போது மூலப் பதிவையும் சேர்த்தே வைத்தோம்.

இனி, சேர்த்ததை வைத்திருப்பது. ஸ்டோரிஃபையை 2013 இல் லைவ்ஃபயர் என்ற நிறுவனம் வாங்கியது. 2016 இல் லைவ்ஃபயரை அடோபி வாங்கியது. 2017 டிசம்பரில், மூடப்போகிறோம் என்று அறிவித்தார்கள். 2018 மே 16 அன்று மூடினார்கள். வேண்டியவர்கள் தங்கள் கதைகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொள்ளலாம் என்று அவகாசம் கொடுத்தார்கள். இறக்காதவர்களின் கதைகள் போய்விட்டன. உலகம் முழுவதும் ஊடகங்கள் ஏழெட்டு வருடம் தொகுத்தவை அவை. திகனைக் கலவரம் நடந்து இரண்டு மாதங்களுக்குச் சற்று அதிகமே ஆகியிருந்தது.

நாங்கள் பயன்படுத்தியது வேக்லெட் என்ற இலவசச் செயலி. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உருவானது; ஆசிரியர்கள் பலர் வகுப்புக்குப் பயன்படுத்துகிறார்கள். இணைப்பை ஒட்டினால் பதிவு வந்து அமர்ந்துவிடும். அதுவும் ஒருநாள் மூடப்படலாம் என்று எண்ணியே வேலை செய்தோம். மூலப் பதிவை எழுதியவர் அழித்துவிட்டாலும் எங்கள் பக்கத்தில் ஓட்டை விழுந்துவிடும். எனவே ஒவ்வொரு இணைப்பையும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமிக்கப் பார்த்தோம். சில பதிவுகள் அங்கே நிற்கவில்லை. அவற்றுக்கு எழுதியவர், திகதி, நேரம், எதற்குப் பதில் என்பவற்றை ஓர் அப்பியாசக் கொப்பியில் கையால் எழுதினோம்.

1930 களின் தமிழ்ப் பத்திரிகை ஒன்றை இன்றும் எடுத்து வாசிக்க முடிகிறது. 2005 இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்துப் பாடசாலை மலர்கள், சஞ்சிகைகள் எத்தனையோ ஸ்கேன் செய்து வைக்கப்பட்டுள்ளன. 2014 இல் ஒருவர் ஸ்டோரிஃபையில் செய்த தொகுப்பை அப்படி எடுப்பது கடினம். எனவே எங்கள் கதை முழுவதையும் அச்செடுத்து, இணைப்புகளைக் கீழே எழுத்தாகவே போட்டு, நாற்பத்திரண்டு பக்கங்களாகக் கட்டிக் கல்லூரி நூலகத்தில் கொடுத்தோம். வரலாற்றின் கீழ் வைப்பதா, ஊடகத்தின் கீழ் வைப்பதா என்று நூலகர் கேட்டார். இன்னும் முடிவாகவில்லை, இதை எழுதும்போது அது அவருடைய மேசையில்தான் இருக்கிறது. விரும்பியவர்கள் கேட்டு வாசிக்கலாம்.