வீரனுக்குத் தைத்த சட்டை

விடுமுறை கழிந்து பள்ளிக்கூடம் திறந்த வாரத்தில், ஒரு மாணவி கையில் ஒரு சித்திரத்துடன் நம்மிடம் வந்தாள். கதைகளில் வரும் அதிசய வீரர்களின் கோலத்தை ஆதாரமாகக் கொண்டு, மாணவர் கண்காட்சிக்காக ஒரு புது உடை அமைக்க வேண்டும் என்பது அவளுக்கு ஏற்பட்டிருந்த வேலை. சித்திரத்திலே நீலச் சட்டை, முதுகில் தொங்கும் சிவப்புப் போர்வை, மார்பில் ஒரு பெரிய ஆங்கில எழுத்து.

"எப்படியிருக்கிறது, ஸார்?" என்றாள்.

"நன்றாயிருக்கிறது, அம்மா. ஆனால் இதில் உன்னுடையது எது?" என்று கேட்டோம். பதில் வரவில்லை.

அவள் பார்த்து எழுதிய அந்த உடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்களான ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் படைத்த 'சூப்பர்மேன்' 1938-ஆம் ஆண்டில் வெளிவந்தான். இறுகிய உடையின்மேல் அரைச் சராய் அணிவது அக்காலத்துச் சர்க்கஸ் பயில்வான்களின் வழக்கம். அந்தக் கோலத்தைப் பார்த்த மாத்திரத்தில், 'இவன் பலசாலி' என்று குழந்தைகளும் தெரிந்துகொள்வார்கள். முதுகுப் போர்வையும் வெறும் அலங்காரமன்று. அசையாத படத்தில் பறக்கும் வேகத்தைக் காட்ட வேறு வழி ஏது? துணி பின்னால் படபடத்தால், பார்க்கிறவர் மனத்தில் காற்று வீசத் தொடங்குகிறது. மலிவான காகிதத்திலும் எடுப்பாய்த் தெரிவதற்குச் சிவப்பும் நீலமும் மஞ்சளும் உதவின.

ஆக, அவ்வுடையின் ஒவ்வோர் அங்கமும் ஒரு தேவைக்கு விடையாகப் பிறந்தது. தேவையை மறந்து உருவத்தை மட்டும் எடுத்துக்கொள்வது, மழை நின்ற பிறகும் குடையை விரித்துக்கொண்டு கூடத்தில் உலாவுவதற்கு ஒப்பாகும்.

இதை உணர்ந்த கலைஞர்கள் வேறு வழியில் சென்றார்கள். 2008-ஆம் ஆண்டில் நியூயார்க் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் இவ்விஷயத்தைப் பற்றியே ஒரு கண்காட்சி நடைபெற்றது. சினிமா வீரர்களின் உடைகளோடு, பிரசித்தி பெற்ற ஆடைக் கலைஞர்களின் படைப்புக்களும், விளையாட்டு வீரர்களின் உடைகளும் அங்கே வைக்கப்பட்டிருந்தன.

2018-இல் வெளிவந்த 'பிளாக் பாந்தர்' படத்திற்கு உடை அமைத்த ரூத் கார்ட்டர் அம்மையாரின் வேலை இன்னும் சிறந்த பாடம். கதை நடக்கும் நாடோ கற்பனை. அவர் உடைக்கு ஆதாரம் தேடியதோ மெய்யான ஆப்பிரிக்காவில். ஜூலு இனத்தில் மணமான பெண்கள் அணியும் அகன்ற தொப்பியே ராஜமாதாவின் கிரீடமாயிற்று. ஆனால் அதைச் செய்த விதம் புதிது: முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அது வார்க்கப்பட்டது. பழைய உருவம், புதிய கைவேலை! 2019-இல் உடையமைப்புக்கான ஆஸ்கர் பரிசு அவருக்குக் கிடைத்தது.

இவ்வளவையும் சொல்லி, "உன் வீரன் யார்?" என்று மறுபடியும் கேட்டோம்.

"என் தம்பிக்குத் தைக்கலாமா, ஸார்? அவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான்" என்றாள் தணிந்த குரலில்.

"பேஷாய்த் தைக்கலாம். போர்வை மட்டும் நீளமாக இருக்கட்டும், அதுதான் கம்பீரம்" என்று நாம் யோசனை கூறினோம். மறுநாள் தம்பியின் தீர்ப்பு வந்தது: "ஸாருக்கு நாற்காலியைப் பற்றித் தெரியாது. போர்வை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும்."

நாம் வெட்கிப்போனோம். நாட்டியக்காரி இஸடோரா டங்கன் 1927-இல் மோட்டார்ச் சக்கரத்தில் கழுத்துத் துணி சிக்கி உயிர் துறந்த செய்தி நாம் அறியாததல்ல. அறிந்திருந்தும், நாற்காலியில் அமர்ந்திருக்கும் பையனை நாம் நினைக்கவில்லை. நின்றுகொண்டிருக்கும் சித்திரத்தையே நினைத்தோம்.

அதன்பின் தம்பியே ஆசிரியனானான். போர்வை தோள்பட்டையோடு நின்றது. சக்கரத்தைத் தள்ளும் கைகளில் அழுக்குப் படாதிருக்கச் சட்டைக் கை முழங்கையளவாயிற்று. உட்காரும்போது இடுப்பு தெரியாதபடி கால்சட்டையின் பின்புறம் உயர்ந்தது. வயிற்றில் மடிந்து குத்தாதபடி முன்புறம் தாழ்ந்தது. நெடுநேரம் அமர்ந்திருப்பவர்களுக்குத் தடித்த தையலும் பின்பையும் தோலைப் புண்ணாக்கும். ஆகவே பைகள் தொடைக்கு மேலே வந்தன. மார்பிலே ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் சக்கரம்!

இரண்டு தரம் பிரித்து மூன்றாம் தரம் தைத்தாள். கண்காட்சியில் கிடைத்தது இரண்டாம் பரிசுதான். காட்சி முடிந்ததும் உடையைப் பள்ளிக்கூட அலமாரியில் வைக்கும்படி சொல்லியிருந்தோம். அது அங்கே வந்து சேரவில்லை. தம்பி கழற்ற மறுத்துவிட்டானாம். மறுநாள் அதே கோலத்தில் வகுப்புக்கும் போய்விட்டான்.